மூன்றாவது பெயர்

"கட்ட வேண்டியதில்லை, மேலே சுற்றிவிட்டால் போதும்" என்றாள் இறுதிச் சடங்கு நடத்தும் ஃபியூனரல் ஹோமில் வேலை செய்த பெண். பல குடும்பங்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் மெதுவான ஆங்கிலத்தில் சொன்னாள்.

லக்ஷ்மிப்ரியா அதைத் தமிழில் சொன்னதும் சுந்தரம் மறுத்தார்.

"சுத்திவிட்டா அது துண்டும்மா. கட்டினாத்தான் வேட்டி. நீ அந்தப் பக்கம் இடுப்பைக் கொஞ்சம் தூக்கு. கனமா இருக்கும், பாத்து."

அவள் தூக்கினாள். கனமாகத்தான் இருந்தது. அப்பாவின் முதுகுக்குக் கீழே கையை நுழைத்தபோது உள்ளங்கையில் குளிர் ஏறியது. சுந்தரம் வேட்டியை இழுத்து, கொசுவி, செருகினார். ஊரில் இதற்கு நான்கைந்து ஆண்கள் இருந்திருப்பார்கள், அவளை அறைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். இங்கே சுந்தரமும் அவளும்தான். சுந்தரம் உறவில்லை. அடுத்த தெருவில் இருப்பவர். தினமும் ஆறரைக்கு அவளைத் தன் காரில் நகரத்தின் கிழக்கே, தொழிற்சாலைகள் இருக்கும் ஈஸ்ட் டாமாக்கிக்கு அழைத்துப் போகிறவர். அங்கே அவர் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். அவள் அதற்கு எதிரேயிருந்த கிடங்கில் மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாள். போன நவம்பரில் கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கியிருந்தாள்.

"கரை நேரா இருக்கா பாரு" என்றார் சுந்தரம்.

"இருக்கு மாமா."

"உங்கப்பா பாத்தா கோணலா இருக்குன்னுதான் சொல்லுவார். எதையும் ஒரு தடவை பிரிச்சு மடிச்சாத்தான் அந்த மனுஷனுக்குத் திருப்தி." சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அப்பா, கோதண்டராமன், செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு நகரத்தில் ஓர் ஏற்றமான தெருவில் விழுந்தார். ஐம்பத்து மூன்று வயது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொடுக்க வியாழக்கிழமை ஆயிற்று. இதயம் என்று காகிதத்தில் இருந்தது. இன்று வெள்ளி.

வெளி ஹாலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். லக்ஷ்மிப்ரியா ஒவ்வொரு முறை கண்ணாடிக் கதவு திறக்கும்போதும் பார்த்தாள். நவரத்தினம் இன்னும் வரவில்லை. அவர் அப்பாவோடு ஹோட்டலில் வேலை செய்தவர். அவரிடம் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஹோட்டலிலிருந்து யாரையாவது போனில் வேலைக்குக் கூப்பிட்டார்களா? இல்லை என்று அவர் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக அவள் மூன்று நாட்களாகக் காத்திருந்தாள்.

அப்பா மூன்று வருடம் வேலை பார்த்தது இருநூறு அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலின் லினன் ரூமில். திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே நட்டும் போல்ட்டும், இங்கே படுக்கை விரிப்பும் தலையணை உறையும், வேறு ஒரு வித்தியாசமும் இல்லை என்பார். லினன் ரூமில் அவருக்கு 'ஸ்டோர்ஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. அதை வைத்தவர் நவரத்தினம்தான்.

போன வருடம், தொண்ணூற்றேழின் கடைசியில், கொரியாவின் பணத்துக்கு மதிப்பு விழுந்தது. கொரியச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வரும் பஸ்கள் டிசம்பரில் குறைந்து, ஜனவரியில் நின்றன. பிப்ரவரியில் நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஐந்து வாரம் நகரத்தின் நடுப்பகுதியில் விளக்கு இல்லை. நடைபாதைகளில் ஜெனரேட்டர்கள் இரைந்தன. பதினான்கு மாடி ஹோட்டலில் லிஃப்ட் இல்லாமல் யார் தங்குவார்கள்? மூடினார்கள். மார்ச் கடைசியில் விளக்கு வந்தது. ஆட்கள் வரவில்லை.

லினன் ரூமில் இருந்த பதினொரு பேரில் ஆறு பேரை அனுப்பிவிட்டார்கள். மற்ற ஐந்து பேருக்கும், அன்றிலிருந்து அவர்கள் கேஷுவல் என்று கடிதம் கொடுத்தார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "கேஷுவல்ல போட்டுட்டாங்க பங்கஜம்" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "எத்தனை நாளு?"

"என்ன எத்தனை நாளு?"

"சி.எல். எத்தனை நாளுன்னு கேக்கறேன். அங்க வருஷத்துக்குப் பன்னெண்டுக்கு மேல குடுக்க மாட்டானே. இவன் சேத்துக் குடுத்திருக்கானா?"

அப்பா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "இங்க எல்லா நாளும் சி.எல்.தான். சம்பளம் மட்டும் கிடையாது."

அம்மா அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். திருச்சியில் அப்பா ஒரு நாள் கேஷுவல் லீவு எடுத்தால் அது வீட்டுக்கே பண்டிகை மாதிரி. அன்று மாலை சேமியா பாயசம் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை உறையூரிலிருக்கும் அப்பாவின் தங்கை கௌரியிடம் போனில், "உங்கண்ணனுக்கு லீவு விட்டிருக்காங்க, இப்பவாவது கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்" என்றாள். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். திருத்தவில்லை. லக்ஷ்மிப்ரியாவும் திருத்தவில்லை. அம்மாவுக்குப் புரிய இரண்டு வாரம் பிடித்தது. புரிந்த நாளில் பாயசம் வைத்த பாத்திரத்தை அலமாரியின் மேல் தட்டில், கை எட்டாத இடத்தில் தூக்கி வைத்தாள்.

கேஷுவல் என்றால், ஆள் தேவைப்படும் நாளில் காலை ஆறு மணி வாக்கில் சூப்பர்வைசர் போன் செய்வாள். ஒரு பட்டியல் உண்டு. மேலிருந்து கீழே கூப்பிடுவாள். எடுத்தால் அன்றைக்கு வேலை. எடுக்காவிட்டால் அடுத்த பெயர். அப்பா மூன்றாவது பெயர்.

அதனால் அவர் ஐந்து மணிக்கே எழுந்து குளித்து, ஹோட்டல் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஹாலில் போனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஏழு மணி வரை. ஐந்தரையிலிருந்து ஏழு வரை வீட்டில் யாரும் போனைத் தொடக் கூடாது. அவர் வீட்டில் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

"அந்தப் போனுக்குச் சூடம் காட்டறது ஒண்ணுதான் பாக்கி" என்பாள் அம்மா, டீயை நீட்டிக்கொண்டே.

"காட்டிறாத. ஸ்மோக் அலாரம் கத்தும்."

ஏழு வாரங்களில் போன் ஐந்து முறை அடித்தது.

லக்ஷ்மிப்ரியாவின் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா நகரத்தின் தெற்கே மனுகாவில் யாரிடமோ வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அவள் அறையிலும் ஒரு டெலிபோன் பிளக் இருந்ததால் அதற்கு மோடம் இணைத்திருந்தாள். லைன் ஒன்றுதான். அவள் இன்டர்நெட்டில் இருந்தால் ஹாலில் இருக்கும் போன் அடிக்காது. வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம் கேட்கும். மோடம் போடும் கிறீச்சொலி அம்மாவுக்குப் பிடிக்காது என்று அதை ஒலிக்காதபடி எப்போதோ செய்துவைத்திருந்தாள்.

ஒன்றரை மணி நேரத் தொலைவிலிருந்த ஹாமில்ட்டனில் ஒரு பரிசோதனைக்கூட வேலைக்கு எழுதியிருந்தாள். திங்கட்கிழமைக்குள் ஈமெயிலில் பதில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். திங்கள் இரவு வரை வரவில்லை. செவ்வாய்க் காலை வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு நிமிட வேலை. ஒன்பது நாட்களாகப் போன் அடிக்கவும் இல்லை. அதற்குள் அடித்துவிடுமா?

யாரோ தோழி அனுப்பிய ஒரு பெரிய படம் முன்னால் வந்து வழியை அடைத்துக்கொண்டது. அது முழுவதும் இறங்கிய பிறகுதான் மற்ற ஈமெயில் வந்தது. இணைப்புத் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் கம்ப்யூட்டரில் பதிவாகும். செவ்வாய் மாலை அவள் அதைத் திறந்து பார்த்தாள். ஐந்து ஐம்பத்திரண்டிலிருந்து ஆறு நான்கு வரை. பன்னிரண்டு நிமிடம்.

அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தபோது அப்பா நாற்காலியில் இருந்தார். முழங்காலில் இரு கைகளையும் வைத்துக்கொண்டு, போனைப் பார்த்தபடி.

"இன்னைக்கும் சி.எல்.தான் போல" என்றார்.

அவள் சிரித்தாள். வெளியே சுந்தரம் ஹாரன் அடித்தார்.

நவரத்தினம் பத்தரைக்கு வந்தார். கறுப்புக் கால்சட்டை, ஹோட்டலில் போடும் அதே வெள்ளைச் சட்டை. கையில் கடையில் வாங்கிய செவ்வந்திப் பூக்கள், விலைச் சீட்டைக் கிழித்த தடம் தாளில் தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு வெளியே போய், கார் நிறுத்தும் இடத்தில் கூரைக்குக் கீழே நின்றுகொண்டார். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

லக்ஷ்மிப்ரியா ஒரு கோப்பையில் டீ எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். கேட்க வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் அவர்தான் முதலில் பேசினார்.

"பிள்ளை, உம்மட்டை ஒரு விசயம் சொல்லவேணும். மூண்டு நாளா எனக்கு நித்திரை இல்லை."

"சொல்லுங்க அங்கிள்."

"அண்டைக்கு விடிய எனக்கு ஹோட்டலிலை இருந்து போன்கோல் வந்தது." அவர் கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. "ரேடியோவிலை ஆறு மணிச் செய்தி தொடங்குது, போன் அடிக்குது. அவுஸ்திரேலியாவிலை இருந்து ரெண்டு பஸ் சனம் வருகுதாம், மூண்டு பேர் வேணுமாம். நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டு ஓடிட்டன். மூண்டு பேரெண்டால் உம்மடை அப்பா வரவேணும். நான் நாலாவது. அதை நான் யோசிக்கேல்லை பாரும். யோசிக்கேல்லை எண்டில்லை. யோசிக்க விரும்பேல்லை."

கார்களின் மேல் மழை விழும் சத்தம் கேட்டது.

"அப்பாவுக்கு அடிச்சாங்களா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டாள்.

"ரெண்டு தரம் அடிச்சவவாம். லைன் எங்கேஜ்டாம்."

அவள் கூரையின் விளிம்பிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்தாள். ஒரு சொட்டு, அடுத்த சொட்டு. இடைவெளி ஒரே அளவாக இருந்தது.

"அவருக்கு அது எப்பிடித் தெரியும் எண்டு கேளும்" என்று நவரத்தினம் தொடர்ந்தார். "ஏழே முக்காலுக்குப் ஹோட்டல் பின்கதவிலை வந்து நிக்கிறார். நேரை கேட்டுப் பாப்பம் எண்டு வந்திருக்கிறார், பாவம். சூப்பர்வைசர் சொன்னா, நான் உனக்குத்தானே முதல் அடிச்சனான், உன்ரை லைன் பிஸி எண்டு. மனுசன் குடையை மடக்கி மடக்கி விரிச்சுக்கொண்டு நிண்டார். பிறகு சிரிச்சார். இந்தியாவிலை இருந்து தங்கச்சி எடுத்தவ, நான்தான் கதைச்சுக்கொண்டிருந்தனான், ஐயாம் சொறி எண்டார்."

"தங்கச்சின்னா சொன்னார்?"

"ஓம். மை சிஸ்டர் எண்டார். பேரும் சொன்னவர், கௌரியோ என்னவோ."

அத்தை பேர்தான் என்று அவள் தலையசைத்தாள்.

"நான் அவரைத் தனியக் கூப்பிட்டு, ஸ்டோர்ஸ், நீங்கள் நில்லுங்கோ, நான் வீட்டை போறன் எண்டனான். 'உங்க பேரைக் கூப்பிட்டாச்சு, நீங்க பாருங்க. நாளைக்கு என் பேரைக் கூப்பிட்டா நான் உங்களுக்கு விட்டுக் குடுப்பேனா? மாட்டேன்' எண்டு பகிடி விட்டுட்டுப் போனார்." நவரத்தினம் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "ஒருக்காத்தான் சொன்னனான் பிள்ளை. ரெண்டாந்தரம் சொல்லேல்லை. எனக்கும் அந்த நாள் வேணுமாயிருந்தது. அவர் வெளியிலை விழுந்து கிடக்கேக்கை நான் உள்ளுக்கை குளியலறைத் துவாய் மடிச்சுக்கொண்டு நிண்டனான். பத்து மணிக்குத்தான் தெரியும்."

நான்தான் அங்கிள் லைனில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். நான்கு சொற்கள். அவள் வாயைத் திறந்தாள்.

"அப்பா கோவமா இருந்தாரா?" என்று கேட்டாள்.

"கோவமோ? ஆரோடை கோவிக்கிறது? சிரிச்சவர் எண்டு சொல்லுறனே."

கதவைத் திறந்து சுந்தரம் எட்டிப் பார்த்தார். "ப்ரியா, ஐயர் வந்துட்டார். அம்மா உன்னைத் தேடறாங்க."

சடங்கு சுருக்கமாக முடிந்தது. ஐயரே இன்னொரு இடத்தில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். அரிசி அப்பாவின் உதட்டிலிருந்து நழுவிக் காதோரம் சேர்ந்தது. ஃபியூனரல் ஹோம் பெண் அதைத் துடைக்கக் கையை நீட்டி, பிறகு தயங்கி நிறுத்திக்கொண்டாள்.

நவரத்தினம் அரிசி போட்டுவிட்டு அம்மாவின் முன்னால் வந்து குனிந்தார்.

"அக்கா, கடைசியா அவர் தங்கச்சியோடை கதைச்சுப்போட்டுத்தான் போனவர். அந்த மட்டுக்கும் மனசைத் தேத்திக்கொள்ளுங்கோ."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாட்களில் அவள் ஒருவர் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கௌரிகிட்டயா? எப்போ?"

"அண்டைக்கு விடியத்தான். ஆறு மணிக்கு. அவரே சொன்னவர்."

அம்மா லக்ஷ்மிப்ரியாவின் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையே. நான் துணி துவைச்சிட்டிருந்தப்ப இருக்கும்."

லக்ஷ்மிப்ரியா அம்மாவின் சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

கொள்ளி வைக்க மகன் இல்லை. சுந்தரம் தயாராக இருந்தார், ஆனால் அம்மா, "அவளே செய்யட்டும்" என்றாள். தகன மண்டபத்தில் ஒரு சின்ன அறைக்கு அவளை அழைத்துப் போனார்கள். சுவரில் ஒரு பொத்தான். கற்பூரம் ஏற்ற அனுமதி இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஐயர் ஒரு சந்தனக் குச்சியை அவள் கையில் கொடுத்துப் பெட்டியின் மேல் வைக்கச் சொன்னார். வைத்தாள். பொத்தானை அழுத்தியபோது உள்ளே எங்கோ ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. இயந்திரத்தின் முழு வேகம் வருவதற்குச் சில நொடிகள் ஆயின. கையை எடுக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கிருந்த ஆள் எடுக்கலாம் என்று சைகை செய்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே நின்றாள்.

திரும்பி வரும்போது சுந்தரத்தின் காரில் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகும் சான்ட்ரிங்ஹாம் ரோடில் கார் திரும்பியது. பிறகு, யாரிடமும் சொல்லாதது போல், "என்ன பேசியிருப்பார்?" என்றாள்.

"என்னக்கா?" என்றார் சுந்தரம்.

"கௌரிகிட்ட. ஆறு மணின்னா அங்க ராத்திரி பதினொன்றரை. அந்நேரத்துக்கு அவ எதுக்குக் கூப்பிட்டா? செவ்வாய்க்கிழமை போன்ல அழுதப்ப ஒண்ணும் சொல்லலையே." கொஞ்சம் பொறுத்து, அவளே பதிலும் சொன்னாள். "சொல்ல வாய் வந்திருக்காது, பாவம். கேக்கணும் அவளை. ஒரு வார்த்தை விடாம சொல்லச் சொல்லணும்."

பின் சீட்டில் லக்ஷ்மிப்ரியா மணியைக் கணக்கிட்டாள். இப்போது இங்கே மூன்றரை. உறையூரில் காலை ஒன்பது. கௌரி அத்தை வீட்டில்தான் இருப்பாள்.

வீட்டில் முதலில் அம்மா குளித்தாள். பிறகு இவள். பாதியில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. குளிர்ந்த நீரில் தலையை அலசிக்கொண்டு வெளியே வந்தபோது சுந்தரத்தின் மனைவி விளக்கேற்றி வைத்துவிட்டு, சாப்பாடு மேஜையில் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தப்பட்டது. கார் போய்விட்டது.

அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். மடியில் போன் நம்பர்கள் எழுதிய சின்ன நோட்டு.

"கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல. கௌரிக்கு நீயே போட்டுக் குடு."

லக்ஷ்மிப்ரியா நின்றாள்.

"போடும்மா. அந்தப் போன் கார்டுல இன்னும் காசு இருக்குமில்ல?"

"இருக்கும்."

"அப்போ போடு."

அவள் அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கார்ப்பெட்டில் நாற்காலிக் கால்கள் பதிந்த நான்கு குழிகள் தெரிந்தன. இன்று யாரோ நாற்காலியை நகர்த்திப் போட்டிருக்கிறார்கள்.

"அப்பா அத்தைகிட்ட பேசலம்மா."

"நவரத்தினம் சொன்னாரே. அவரே சொன்னாராமே."

"அப்பா அப்படிச் சொல்லியிருக்கார். ஆனா பேசல." அவள் நிறுத்தினாள். "லைன்ல நான் இருந்தேன். கம்ப்யூட்டர்ல. பன்னெண்டு நிமிஷம். அதுக்குள்ள ஹோட்டல்லேர்ந்து ரெண்டு தடவை அடிச்சிருக்காங்க."

அம்மா நோட்டை மூடினாள். விரலை மட்டும் அந்தப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

"எதுக்கு?"

"ஹாமில்ட்டன் வேலை. பதில் வந்திருக்கான்னு."

"வந்திருந்ததா?"

"விண்ணப்பம் கிடைச்சுதுன்னு வந்திருந்தது. அவ்வளவுதான்."

அடுத்த வீட்டில் யாரோ குப்பைத் தொட்டியை இழுத்துப் போனார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தது.

"அவர் இங்கதான் உக்காந்திருந்தார்" என்றாள் அம்மா. "நான் ரெண்டாவது டீ குடுத்தேன். அடிக்காது போலருக்கு, நேர்ல போய்க் கேட்டுட்டு வரேன்னு கிளம்பினார்." பிறகு, "ஹோட்டலுக்குப் போனப்ப அவருக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"லைன் பிஸின்னு சூப்பர்வைசர் சொன்னாளாம். குடையை மடக்கிக்கிட்டு நின்னாராம். அப்புறம், தங்கச்சி கூப்பிட்டா, நான்தான் பேசிட்டிருந்தேன்னு சொன்னாராம்."

அம்மாவின் தலையிலிருந்த துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"அவருக்குப் பொய்யே சொல்ல வராது" என்றாள். "ஸ்டோர்ஸ்ல ஒரு தடவை, பஸ் லேட்டுன்னு சொல்லுங்கன்னு சொல்லி அனுப்பினேன். போயி, என் பொண்டாட்டி இப்படிச் சொல்லச் சொன்னான்னு சொல்லிட்டு வந்தார்."

லக்ஷ்மிப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். ஈர முடியிலிருந்து நீர் கார்ப்பெட்டில் சொட்டியது.

போன் அடித்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். நான்காவது முறை அடித்தபோது அம்மா எடுத்தாள்.

"ஹலோ. ஆமா நவரத்தினம், சொல்லுங்க... வந்துட்டோம். குளிச்சாச்சு... இல்ல, இனிமேதான் சாப்பிடணும்." அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அவர் நீளமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குரல் கம்மிப் போயிருப்பது தரையில் உட்கார்ந்திருந்தவளுக்கும் கேட்டது. "அப்படியெல்லாம் நெனைக்காதீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க பேரைக் கூப்பிட்டாங்க, நீங்க போனீங்க... ஆமா. கௌரிகிட்டதான் பேசிட்டிருந்தார். நானும் பக்கத்துலதான் இருந்தேன். இப்பதான் ஞாபகம் வருது. அண்ணனும் தங்கச்சியும் பேச ஆரம்பிச்சா விடவே மாட்டாங்க... ஆமா. நீங்க தூங்குங்க."

அம்மா ரிசீவரை வைத்தாள். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை தூக்கி மறுபடி வைத்தாள்.

"கௌரிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். "நீ யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம். அவர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்."

லக்ஷ்மிப்ரியா நிமிர்ந்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, மூலையில் இருந்த பிளாஸ்டிக் கூடையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

தூறல் நின்றிருந்தது. செவ்வாய்க் காலை துவைத்துக் காயப்போட்ட துணிகள் கொல்லைப்புறக் கொடியில் அப்படியே தொங்கின. மூன்று நாள் மழையில் கனத்துக் கொடி தாழ்ந்திருந்தது. லக்ஷ்மிப்ரியா பின்னாலேயே போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கிளிப்புகளைக் கழற்றி, துணிகளோடு அவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். துண்டு, பாவாடை, தலையணை உறை, இவளுடைய கிடங்குச் சட்டை. எதுவும் காயவில்லை. எல்லாவற்றையும் பிழிந்து பிழிந்து கூடையில் போட்டாள்.

கடைசியில் ஹோட்டல் சட்டை ஒன்று இருந்தது, மாற்றுச் சட்டை. அம்மா அதன் காலரைத் தொட்டுப் பார்த்தாள். பைக்குள் விரல்களை விட்டுப் பார்த்தாள்.

"இது இன்னும் ஈரமா இருக்கு" என்றாள்.

தோள்பட்டைச் சுருக்கத்தை இழுத்து நீவிவிட்டு, நழுவியிருந்த கிளிப்பைச் சரியாகப் போட்டாள். இன்னொரு கிளிப்புக்குக் கையை நீட்டினாள். லக்ஷ்மிப்ரியா கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.